ஆறாவது கட்டம்

இருப்புப் பதிவேட்டில் ஆறாவது கட்டத்தின் தலைப்பு
ஆயுட்காலம்.
மஞ்சக்குப்பம் ஆபீசில்
ஒன்பது வருசமாக அதை நிரப்புகிறேன்.
மர நாற்காலி, பதினைந்து.
மின்விசிறி, பத்து.
சுவர்க் கடிகாரம், ஐந்து;
அது நின்றே மூன்று வருசமாகிறது.
ஜீப்புக்கு மட்டும்
வருசத்தோடு கிலோமீட்டரும் போட வேண்டும்,
எது முந்துகிறதோ அது.

கோந்து, மை, நூல்கண்டுக்கு
ஆயுள் கிடையாது.
அவை தீர்ந்துபோகும் இனம்,
அதற்கு வேறு பதிவேடு.

பேச்செடுத்ததும் யார் வந்து நின்றாலும்
மைமூன் அக்காவிடம் ஒரு நூறு இருக்கும்.
'உனக்கு ஆயுசு நூறு.'
டீ கொண்டுவருகிற பையனுக்கு,
தணிக்கைக்கு வந்தவருக்குக்கூடக் கொடுத்தாள்.
எந்தக் கட்டத்திலும் ஏறாத நூறு.

என் தம்பி பாடலீசனுக்கு
தீர்ப்பில் ஆயுள் என்று போட்டிருந்தது.
நகலை மூன்று தடவை படித்தேன்.
அபராதம் ஐயாயிரம், எண்ணிலும் எழுத்திலும்.
கட்டத் தவறினால் ஆறு மாதம்,
அதுவும் எண்ணிலும் எழுத்திலும்.
ஆயுளுக்கு நேரே
எழுத்து மட்டும்.
தொழில் பழக்கம், வக்கீலிடம் கேட்டுவிட்டேன்:
ஆயுள்னா எத்தனை சார்?
அருளப்பன் பேனாவை மூடினார்.
'ஆயுள்னா ஆயுள்தாம்மா.
பதினாலு முடிஞ்சா மனு போட்டுப் பாக்கலாம்.
கெடைக்கும்னு சொல்ல முடியாது.'

செத்தவனுக்கு எண் இருந்தது.
இருபத்து மூன்று, முதல் பக்கத்திலேயே.
அற்பாயுசில் போய்விட்டான் என்று
தேவனாம்பட்டினம் முழுக்கச் சொன்னார்கள்.
ஆயுசு தானாகவே
பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது போல
இருந்தது அந்தச் சொல்.
உட்காரவில்லை.
நடுவில் என் தம்பியின் கை இருந்தது.

அவன் அம்மா முதுநகர் மார்க்கெட்டில்
சங்கரா விற்கிறாள்.
ஒருமுறை தெரியாமல் அந்த வரிசையில் போய் நின்றேன்.
செதிலோடு கை நிமிர்ந்தது.
என்னைத் தெரிந்ததா, தெரியவில்லை.
'எவ்ளோ போடட்டும்' என்றாள்.
அரைக் கிலோ என்றேன்.
முக்கால் இருந்தது வீட்டில் வந்து நிறுத்தபோது.
அன்று குழம்பு வைக்கவில்லை.

மாதம் ஒரு செவ்வாய் அரைநாள் விடுப்பு,
காரணம் சொந்த வேலை.
கெடிலம் பாலம் தாண்டி
திருப்பாப்புலியூர் நெரிசல் தாண்டி
கேப்பர் மலை ஏறும்போது
பஸ்ஸுக்குள் செம்மண் வந்து உட்காரும்.
கம்பி வலைக்கு அந்தப் பக்கம்
இளைத்திருந்தான், முடி வெட்டியிருந்தான்.
உள்ளே ரொட்டி சுடுகிற வேலையாம்.
'மூணு நாள் தாங்கும்க்கா,
நாலாவது நாள் பூசணம் புடிச்சிடும்.'
இவ்வளவுதான் பேசினோம்,
மிச்சம் அம்மாவின் கால் வீக்கம்.
அந்த வீட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை.
சங்கரா பற்றி நானும் சொல்லவில்லை.
வாசல் அங்காடியில் ஒரு பாக்கெட் வாங்கினேன்.
தேதி அச்சிட்டிருந்தது.
எந்தக் கை என்று
அச்சிடுவதில்லை.

வியாழக்கிழமை சபாநாயகம் சார்
கழிவுப் பட்டியல் கேட்டார்.
ஆயுள் முடிந்தவை எல்லாம் தனித் தாளில்.
வரிசை எண் நாற்பத்தொன்று,
நாற்காலி, தேக்கு, கை வைத்தது,
முடிந்து ஆறு வருசம்.
எண்ணைத் தேடி அறை முழுக்கக் குனிந்தேன்.
கடைசியில் எழுந்து, கவிழ்த்துப் பார்த்தால்
நான் உட்கார்ந்திருந்ததே அதுதான்.
ஆட்டிப் பார்த்தேன்.
நான்கு காலும் தரையில் இருந்தன.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
உபயோகத்தில் உள்ளது.
சார் அடித்துவிடலாம்.

பதிவேட்டை உள்ளறையில் வைத்துத் திரும்பும்போது
மைமூன் அக்கா சிரித்தாள்.
'இப்பதான் உன்னப் பத்திச் சொன்னேன், உனக்கு...'
வேணாங்க்கா என்றேன்.
வாய் திறந்தபடி நின்றாள்.
பையிலிருந்து ரொட்டியைப் பிரித்து நீட்டினேன்.
சாப்பிடுங்க,
நாளைக்குத் தாங்காது.